மறைந்தவர்கள் விட்டுச் சென்ற வயல் வேலை

வேளாண்மைக்காக உழைத்த ஒருவர் மறைந்துவிட்டார் என்று செய்தி வந்தால் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் வைக்கிறோம். கைபேசியில் அவர் படத்தை முகப்பாக மாற்றுகிறோம். சங்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிறோம். மூன்றாம் நாள் அந்த பிளக்ஸை அவிழ்த்து வந்து வைக்கோல் போருக்கு மூடுகிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை. மழைக்குப் போர் நனையாமல் இருந்தால் மறைந்தவரும் மகிழ்வார். ஆனால் அத்தோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அதுதான் தவறு.

அரசியல் தலைவருக்குச் சிலை வைக்கலாம். பாடகர் போனால் அவர் பாட்டு ஒலிநாடாவில் இருக்கும். உழவுக்காக வாழ்ந்தவர்கள் விட்டுச் செல்வது அப்படிப்பட்ட பொருள் அல்ல. அவர்கள் விட்டுச் செல்வது விதை, கணக்கு, பழக்கம். மூன்றையும் யாராவது தொடர்ந்து செய்தால்தான் அவை இருக்கும். வீட்டில் குதிரிலோ சாக்கிலோ வைத்த நெல் விதை ஓராண்டு நன்றாகத் தாங்கும். அடுத்த ஆண்டு முளைப்பு குறையும். அதற்கடுத்த ஆண்டு அது அரிசிக்குத்தான் ஆகும். கண்ணாடி பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி அலமாரியில் வைத்தாலும் இதே கதைதான்.

கடந்த சில ஆண்டுகளில் நாம் இழந்தவர்களில் மூன்று பேரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நெல் ஜெயராமன், எம்.எஸ்.சுவாமிநாதன், தேக்கம்பட்டி பாப்பம்மாள். ஒருவர் விதை சேகரித்தவர், ஒருவர் விஞ்ஞானி, ஒருவர் நூறு வயதைத் தாண்டியும் வயலுக்குப் போன விவசாயி. மூவரும் நமக்கு ஆளுக்கொரு வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரண்டு கிலோ கடன்

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேடு கிராமத்தைச் சேர்ந்தவர் ஜெயராமன். நுகர்வோர் இயக்கத்தில் வேலை செய்தவர். 2003-ஆம் ஆண்டு பூம்புகாரில் இருந்து கல்லணை வரை இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் நடத்திய நடைபயணத்தில் அவரும் நடந்தார். வழியில் ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய நெல் ரகங்கள் அவர் வாழ்க்கையையே மாற்றின. 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளராகி, ஊர் ஊராகப் போய் ஏறத்தாழ 170 பாரம்பரிய ரகங்களைச் சேகரித்தார். ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். 2018 டிசம்பர் 6-ஆம் தேதி புற்றுநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுதான்.

அவருடைய திருவிழாவின் விதிமுறை எளிமையானது. வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை நெல் இலவசம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும்.

இரண்டு கிலோ என்றதும் கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். ஒற்றை நாற்று முறையில் நட்டால் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். கைப்பிடி விதையாக இருந்தாலும் இரண்டு பட்டத்தில் பெருக்கிவிட முடியும். வாங்கியவர் திருப்பித் தராவிட்டால்தான் சங்கிலி அறும். நூறு பேர் வாங்கி, இருபது பேர் மட்டும் திருப்பித் தந்தால், அடுத்த ஆண்டு நாற்பது பேருக்குத்தான் விதை. அதற்கடுத்த ஆண்டும் அதே கணக்கு என்றால் பதினாறு பேருக்கு. நெல் ரகங்கள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் அழிக்க நினைப்பதில்லை. ஒரு போகம் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் எப்போதாவது விதைத் திருவிழாவில் மாப்பிள்ளைச் சம்பாவோ, கருப்புக் கவுனியோ, காட்டுயானமோ, பூங்காரோ வாங்கி வந்திருந்தால், அந்த விதை இப்போது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இருந்தால் முளைப்புச் சோதனை செய்யுங்கள். நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஏழெட்டு நாளில் எண்ணினால் எண்பதுக்கு மேல் முளைத்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் விதை அளவைக் கூட்டி, சிறு பாத்தியிலாவது உடனே விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள். ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். புதிதாக அறுத்த சம்பா நெல்லுக்கு விதை உறக்கம் உண்டு. அறுவடை முடிந்த கையோடு சோதித்துவிட்டு, முளைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாரம்பரிய ரகம் வளர்ப்பவர்களிடம் சொல்ல வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. இவற்றில் பல உயரமாக வளர்பவை. யூரியாவை அள்ளிப் போட்டால் பால் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். காட்டுயானம் போன்றவற்றுக்கு ஆறு மாதம் ஆகும். அவ்வளவு நாள் தண்ணீர் இருக்கிறதா, விளைந்ததை வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் மொத்த நிலத்திலும் இறங்க வேண்டாம். விதையைக் காப்பாற்ற ஐந்து சென்ட் போதும். பக்கத்து வயல் ரகத்தில் இருந்து குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். பூக்கும் தருணத்தில் ஒருமுறை, அறுவடைக்கு முன் ஒருமுறை வயலில் இறங்கி, உயரத்திலும் கதிரிலும் வேறுபட்ட பயிர்களைப் பிடுங்கி எறியுங்கள். ஜெயராமன் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று டெல்டாவின் பல சம்பா வயல்களில் கதிர் வரும் நேரம். அன்று கலவன் எடுப்பதைவிட அவருக்கு வேறு அஞ்சலி தேவையில்லை.

அவர் பெயரில் தமிழக அரசு மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கம் ஒன்றை நடத்துகிறது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் என்ன ரகம் இருப்பு உள்ளது என்று விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். கேட்பவர் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த ரகம் அங்கே வராது.

1968-இல் சொன்ன எச்சரிக்கை

2023 செப்டம்பர் 28-ஆம் தேதி சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் மறைந்தார். வயது 98. கும்பகோணத்தில் மருத்துவர் வீட்டில் பிறந்தவர். 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் தன்னை வேளாண்மைப் படிப்புக்குத் திருப்பியது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கோவை வேளாண் கல்லூரியில் படித்தார். இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகியும் ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்தார். மறைவுக்குப் பிறகு 2024-இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

பசுமைப் புரட்சியின் தந்தை என்று சிலர் அவரைப் போற்றுகிறார்கள். மண் கெட்டதற்கும் கடன் பெருகியதற்கும் அவரே காரணம் என்று சிலர் தூற்றுகிறார்கள். இரண்டு தரப்பும் அவர் செய்ததை முழுதாகப் படிப்பதில்லை.

1960-களில் வெளிநாட்டுக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உயிர் வாழ்ந்தது. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையைக் கொண்டுவந்து நம் நிலத்தில் சோதித்தவர் சுவாமிநாதன். 1966-இல் 18,000 டன் விதை இறக்குமதியானது. 1964-65-இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி 1967-68-இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது.

இங்கே விரிவாக்கப் பணியாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புது விதையின் செயல்விளக்கத் திடல்களைச் சிறு விவசாயிகளின் நிலத்தில் அமைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெரிய பண்ணையாரின் நிலத்தில் விளைந்தால், பணம் இருக்கிறது, விளைகிறது என்று ஊர் சொல்லிவிடும். ஏழையின் வயலில் விளைந்தால் விதையின் பலன் என்று நம்பும். இன்றைக்கும் செயல்விளக்கத் திடலை எங்கே போடுகிறோம்? சாலை ஓரம், ஆழ்துளைக் கிணறு, டிராக்டர், அதிகாரிக்கு நாற்காலி போடத் தாழ்வாரம், இவை எல்லாம் இருக்கும் இடத்தில்தானே? அடுத்த திடலைக் கடைமடையில், அரை ஏக்கர்காரர் நிலத்தில் போட்டுப் பாருங்கள்.

அவர் செய்த மற்றொன்று அதிகம் பேசப்படுவதில்லை. விளைச்சல் ஏறத் தொடங்கி நாடே கொண்டாடிய நேரம். 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் பேசியபோது அவர் எச்சரிக்கைதான் விடுத்தார். மண் வளத்தைக் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும். பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்தால் உணவில் நஞ்சு தங்கும். நிலத்தடி நீரைக் கணக்கில்லாமல் இறைத்தால் அது தீர்ந்துபோகும். பல உள்ளூர் ரகங்களை எடுத்துவிட்டு ஒன்றிரண்டு ரகங்களையே எங்கும் பயிரிட்டால் ஒரு நோய் வந்து மொத்தத்தையும் துடைத்துவிடும். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கடைசி எச்சரிக்கையைக் கவனியுங்கள். அது நிகழ்ந்துவிடாமல் இருக்கத்தான் 35 ஆண்டுகள் கழித்து ஜெயராமன் ஊர் ஊராக நடந்தார். இருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்திப் பேசுவது மேடைக்கு வசதி. வயலில் நிற்பவருக்கு இருவர் சொன்னதும் தேவைப்படுகிறது.

ஐம்பது சதவீதம், எதன் மேல்?

சுவாமிநாதன் பெயரைச் சொன்னால் விவசாயச் சங்கங்கள் எழுப்பும் முழக்கம் ஒன்றுதான்: உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து ஆதார விலை. 2004 முதல் 2006 வரை அவர் தலைமையில் இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரை அது. ஐந்து அறிக்கைகள் தந்தது அந்த ஆணையம். நிலச் சீர்திருத்தம், பாசனம், கடன், காப்பீடு என்று அவற்றில் இன்னும் பல உண்டு.

சரி, 50 சதவீதம் எதன் மேல்? இதில்தான் சண்டை. கையில் இருந்து கொடுத்த செலவு, அதாவது விதை, உரம், கூலி, டீசல் எல்லாம் சேர்ந்தது ஏ2. அதோடு குடும்பத்தார் உழைப்புக்குக் கூலி போட்டால் ஏ2+எஃப்எல். அதற்கும் மேலே சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி இரண்டையும் சேர்த்தால் சி2. மத்திய அரசு ஒன்றரை மடங்கு தருவதாகச் சொல்வது ஏ2+எஃப்எல் கணக்கில். சங்கங்கள் கேட்பது சி2 கணக்கில்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் ஏக்கரில் கைச்செலவு 25,000 ரூபாய், வீட்டாள் உழைப்பு 8,000, நிலக் குத்தகை மதிப்பு 12,000, வட்டி 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் செலவு 33,000. ஒன்றரை மடங்கு 49,500. இரண்டாம் கணக்கில் செலவு 46,000. ஒன்றரை மடங்கு 69,000. ஓர் ஏக்கருக்கு 19,500 ரூபாய் வித்தியாசம்.

இந்தத் தொகைக்காகத்தான் ஊர்வலம் போகிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் சாகுபடிச் செலவு நோட்டு இருக்கிறது? அதிகாரியோ பத்திரிகைக்காரரோ கேட்டால், ஏதோ ஏக்கருக்கு முப்பது நாற்பது ஆகும் என்கிறோம். பத்தாயிரம் ரூபாய் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போகிறது. வரும் பட்டத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நாற்றங்கால் போட்ட நாளில் தொடங்கி, தேதி, வேலை, ஆள், தொகை என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். மனைவி களை எடுத்த நாளையும், மகன் தண்ணீர் பாய்ச்சிய இரவையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பேரனிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஊருக்குப் பத்து நோட்டு சேர்ந்தால், கோரிக்கை மனுவோடு இணைக்கச் சங்கத்தின் கையில் உங்கள் ஊர்க் கணக்கே இருக்கும்.

கூட்டத்துக்குப் போன பாட்டி

சுவாமிநாதன் மறைந்து சரியாக ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 2024 செப்டம்பர் 27 அன்று, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் காலமானார். இயற்பெயர் ரங்கம்மாள். 1914-இல் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். மளிகைக் கடை நடத்தி, மிச்சம் பிடித்த பணத்தில் நிலம் வாங்கினார். பிற்காலத்தில் இரண்டரை ஏக்கரில் இயற்கை முறையில் பயிர் செய்தார். நூறு வயதைக் கடந்தும் விடிகாலையில் வயலில் இருப்பார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாடே அவர் படத்தைப் பார்த்தது.

படம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத பகுதி இதுதான்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவாதக் குழுவில் அவர் பல ஆண்டுகள் உறுப்பினர். கூட்டங்களுக்குப் போய், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர். காரமடை ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலராகவும் இருந்தார். இயற்கையோடு இயைந்த பாட்டி என்று மட்டும் அவரைச் சொல்வது குறைத்துச் சொல்வதாகும். அவர் கூட்டத்துக்குப் போன விவசாயி, வாக்கு வாங்கி வென்ற விவசாயி.

இன்று உங்கள் வட்டாரத்தில் நடக்கும் அட்மா பயிற்சியையோ, உழவர் விவாதக் குழுக் கூட்டத்தையோ நினைத்துப் பாருங்கள். நடவு, களை, அறுவடை, கறவை என்று பெண்கள் செய்யாத வேலை இல்லை. வருகைப் பதிவேட்டிலோ ஆண்கள் பெயர்தான். பட்டா கணவர் பெயரில், மாமனார் பெயரில். நிலம் பெயரில் இல்லாததால் கடன் இல்லை, உதவித்தொகை இல்லை, விவசாயி என்ற பெயரும் இல்லை. சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பட்டா இல்லாவிட்டாலும் உழைக்கும் பெண்ணை விவசாயி என்று அங்கீகரிக்க வேண்டும் என்று தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விரிவாக்கப் பணியாளர்களே, காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் நடவுக்குப் போன பெண் எப்படி வருவார்? மாலை பால் ஊற்றிவிட்டு வரும் நேரத்தில், பால் சங்கத்தின் அருகிலேயே வைத்துப் பாருங்கள். அழைப்பை வீட்டு ஆணிடம் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். விவசாயிகளே, பயிற்சிக்கு ஒரு வீட்டில் ஒருவர்தான் போக முடியும் என்றால், அந்த வேலையைச் செய்கிறவர் போகட்டும். விதை நேர்த்தியை வீட்டில் செய்பவர் உங்கள் மனைவி என்றால், அந்தப் பயிற்சியில் நீங்கள் உட்கார்ந்து என்ன பயன்?

உங்கள் ஊரில் யார்?

இந்த மூவருக்கும் விருது கிடைத்தது, செய்தி வந்தது. உங்கள் ஊரில் விருது வாங்காத ஒருவர் இருப்பார். எந்த மேட்டில் எந்த நெல் வரும், எந்த ஆண்டு வெள்ளம் எந்த வரப்பு வரை வந்தது, எந்தக் கிணறு எத்தனை அடியில் ஊறும், குளத்துக்கு நீர் வரும் பழைய வாய்க்கால் எங்கே ஓடியது, மாட்டுக்கு வயிறு உப்பினால் முதலில் என்ன செய்வது என்றெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கேட்க ஆள் இல்லை.

அவர் போன பிறகு பிளக்ஸ் அடிப்பதற்கு முன், இருக்கும்போதே போய்க் கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்க்கால் என்றால் கூடவே நடந்து போய் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். விதை வைத்திருந்தால் ஒரு படி வாங்கிக்கொண்டு, அறுத்ததும் இரண்டு படியாகத் திருப்பிக் கொடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் பாப்பம்மாளுக்கும் சுவாமிநாதனுக்கும் அடுத்தடுத்த நாளில் நினைவு நாள் வருகிறது. சம்பா வேலை தொடங்கியிருக்கும் காலம் அது. அந்த வாரம் சங்கக் கூட்டம் வைத்தால், மாலைக்கு ஆகும் செலவில் பத்து நோட்டு வாங்கிக் கொடுங்கள். வந்தவர்களில் யாரிடம் என்ன விதை இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். பெண்கள் பெயரையும் அதில் எழுதுங்கள். டிசம்பரில் ஜெயராமன் நினைவு நாள் வரும்போது அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, விதைத்தவர்களின் வயல்களை எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.